மூன்றாவது நிமிடத்தில் நின்ற மெஷின்

அத்தியாயம் 4

“செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டரை மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை செம்பாக்கா சந்து தன்னார்வத் தீயணைப்பு நிலையத்துக்குள் இருந்தவர்கள்: சிவநேசன், படைத் தலைவர். ரூபினி, அவர் மகள், மெஷினுக்குப் பொறுப்பாளர். ஷாருல், அன்றைய முறைக்காரர். ரமணி, நிலையத்தைக் கூட்டித் துடைப்பவர். மொத்தம் நான்கு பேர். வேறு எவரும் இல்லை.”

வெள்ளிக்கிழமை காலை என் குறிப்பேட்டில் நான் எழுதிய முதல் வரிகள் இவை. வண்டியில் போகும்போது ஷஃபீக்குக்கு வாசித்துக் காட்டினேன்.

“நாலு பேரு. சீட்டு ஆட கரெக்டா இருக்கும் அண்ணே,” என்றான்.

“இது விளையாட்டு இல்லை.”

“தெரியும்ணே. அதான் சிரிக்கல.”

நான் நல்லமுத்து. முப்பத்தோரு வருடம் காப்பீட்டு நிறுவனங்களுக்காக எரிந்துபோன கடைகளுக்குள் நின்று, தீ எங்கே பிடித்தது, யார் கையால் பிடித்தது என்று எழுதிக் கொடுத்தவன். ஓய்வு பெற்ற பிறகு பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு மாடியறை எடுத்துத் துப்பறியும் தொழில் செய்கிறேன். ஷஃபீக் என் உதவியாளன். வயது நாற்பத்திரண்டு. என் கண்ணுக்குத் தப்புவதைப் பார்ப்பான், எனக்குப் பிடிக்காததைப் பேசுவான். வண்டியும் அவனுடையதுதான்.

சொந்தக்காரர்களின் வழக்கை எடுப்பதில்லை என்பது என் விதி. இந்த வழக்கில் அதை மீறினேன். சிவநேசன் என் உடன்பிறந்த தம்பி. எங்கள் தகப்பனார் கதிரேசனின் பெயர் ஜார்ஜ் டவுனில் எழுபது வருடமாக ஒரு கறையும் இல்லாமல் இருந்தது. வியாழக்கிழமை சௌராஸ்தா பாசாரில், என் காதுபட, ஒரு மீன்காரர் இன்னொருவரிடம் சொன்னார்: “கதிரேசன் மகன் பொணத்து மேல வியாபாரம் பண்ணிட்டான்லா.”

நடந்தது இதுதான். தம்பியின் படைக்கு ஓர் அறக்கட்டளை மானியம் கொடுத்தது. அந்த மானியத்தில் அவர்கள் நெஞ்சை அமுக்கும் மெஷின் ஒன்றை வாங்கினார்கள். இதயம் நின்று விழுந்தவரின் மார்பின் மேல் அதைப் பொருத்திவிட்டால், மனிதக் கை செய்கிற சி.பி.ஆரை அது சோர்வில்லாமல் செய்யும். வாங்கி நான்கு மாதம் ஆகிறது. புதன்கிழமை காலை எட்டே காலுக்கு, சந்து முனையில் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த கமாலுதீன் கல்லாவிலேயே சரிந்து விழுந்தார். ரூபினியும் ஷாருலும் மெஷினோடு ஓடினார்கள். பொருத்தினார்கள். மெஷின் ஓடியது. மூன்றாவது நிமிடத்தில் நின்றுவிட்டது. மாற்று பேட்டரியைப் போட்டார்கள். அது ஒரு தடவைகூட அசையவில்லை. பிறகு பதினாறு நிமிடம், ஆம்புலன்ஸ் வரும்வரை, இருவரும் மாறி மாறிக் கையால் அமுக்கினார்கள். அன்று இரவு ஆஸ்பத்திரியில் கமாலுதீன் இறந்துபோனார்.

அவரை அடக்கம் செய்து முடிப்பதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. மானியத்தில் புது மெஷின் வாங்கியதாகக் கணக்குக் காட்டிவிட்டு, சிவநேசன் எல்லை தாண்டித் தாய்லாந்தின் ஹாட் யாய் போய்ப் பழைய மெஷினை வாங்கி வந்துவிட்டான் என்று. விற்ற நிறுவனத்தின் ஆள் வியாழக்கிழமை வந்து சோதித்தார். மெஷின் புதியது, பேட்டரி இரண்டும் நல்லவை, சார்ஜ் மட்டும் இல்லாமல் இருந்தது என்றார். விற்றவன் வேறு என்ன சொல்வான் என்று சந்து சிரித்தது.

அறக்கட்டளையின் அதிகாரி நோர்மா வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வருவதாக எழுதியிருந்தார். பேட்டரி ஏன் காலியாக இருந்தது என்று அதற்குள் சொல்ல முடியாவிட்டால் மெஷின் திரும்பிப் போகும். தம்பி தலைவர் பதவியிலிருந்து போவான். கதிரேசன் பெயரோடு ஹாட் யாய் ஒட்டிக்கொள்ளும்.

நிலையத்தை அடைந்தபோது மணி பதினொன்று.

கதவோரத் தொட்டியில் என் கறுப்புக் குடை நின்றது. செவ்வாய்க்கிழமை அதை அங்கே மறந்துவிட்டிருந்தேன். எடுத்து முழங்கையில் மாட்டிக்கொண்டேன்.

“பாருங்க, வந்ததும் காணாமப் போனது ஒண்ணு கெடச்சிருச்சு,” என்றான் ஷஃபீக். “நல்ல சகுனம்லா. வீட்டுக்குப் போயிரலாமா?”

ரூபினி மெஷின் வைக்கும் அலமாரி அருகே நின்றிருந்தாள். பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடுமுறை நாட்களையெல்லாம் இந்த நிலையத்துக்குக் கொடுப்பவள். இரண்டு மணிக்கட்டிலும் கட்டுப் போட்டிருந்தாள்.

“கை எப்படி இருக்கு?”

“கை நல்லா இருக்கு பெரியப்பா. தூக்கம்தான் இல்ல.”

“செவ்வாய்க்கிழமை என்ன செஞ்சேன்னு வரிசையாச் சொல்லு.”

“காலையில கெப்பாலா பத்தாஸ்ல ஒரு ஸ்கூல்ல பயிற்சி. பொம்மை மேல மெஷினை ஓட்டி ஓட்டிக் காட்டுனோம். ரெண்டு பேட்டரியும் காலி. ரெண்டரைக்கு இங்க வந்ததும் சார்ஜ்ல போட்டேன். சார்ஜ் ஏறுதுன்னு செவப்பு லைட்டு எரிஞ்சதப் பாத்தேன். மூணு மணிக்கு நானும் அப்பாவும் இரவல் வாங்குன பொம்மையத் திருப்பிக் கொடுக்க, கடலுக்கு அந்தப் பக்கம் மாக் மண்டின் போயிட்டு, அப்படியே வீட்டுக்குப் போயிட்டோம்.”

“புதன்கிழமை பேட்டரியை எடுக்கும்போது எந்த லைட் எரிஞ்சது?”

அவள் அலமாரியைப் பார்த்தாள்.

“பாக்கல பெரியப்பா.”

“ஏன்?”

“கமாலுதீன் மாமா விழுந்துட்டாருன்னு ரோட்டுல கத்துறாங்க. நான் லைட்டப் பாத்துக்கிட்டு நிப்பேனா? பேட்டரிய உருவிப் பையில போட்டுட்டு ஓடினேன்.”

அவள் தவறை அவளே சொன்னாள். அதை நான் அப்படியே எழுதிக்கொண்டேன்.

ஷாருல் மாடியிலிருந்து இறங்கி வந்தான். மலாய்க்காரப் பையன் என்று இன்னும் சொல்கிறார்கள், முப்பது வயதாகிவிட்டது. இதே சந்தில் வளர்ந்ததால் தமிழ் பேசுவான், அவன் பாணியில்.

“செவ்வாய்க்கிழமை மூன்றரைக்குப் பெரிய மழை. கரண்ட் போச்சா?” என்று கேட்டேன்.

“போகல அங்கிள். நான் மேல கேம் மெயின் பண்ணிக்கிட்டு இருந்தேன். போன் சார்ஜ்ல இருந்துச்சு. நூறு பர்சன்ட் ஆச்சு.”

“அந்த இடியிலயா?” என்றான் ஷஃபீக்.

“இடி கேக்கல அபாங். ஹெட்போன்.”

“கீழ யாராவது வந்தாங்களா?”

“அதுவும் கேக்கல. ஆறு மணிக்கு வெளிப்பக்க மாடிப் படியில எறங்கி அப்படியே போயிட்டேன்.”

ஷஃபீக் என் பக்கம் சாய்ந்தான். “இடி விழுந்தாலும் கேம் விடாதவன் அண்ணே. நல்ல சாட்சி. எதையும் பாக்கல, எதையும் கேக்கல, ஆனா கரண்ட் இருந்துச்சு.”

கரண்ட் இருந்தது. பேட்டரியைச் சார்ஜில் போட்டிருந்தார்கள். பதினேழு மணி நேரம் கழித்து எடுத்தபோது காலி. இந்த மூன்றும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது. நான் அறையை மறுபடி ஒரு முறை மெதுவாகச் சுற்றினேன். எரிந்த கடைகளில் அப்படித்தான் செய்வேன். சுவரில் ஒரே வரிசையில் மூன்று பிளக் துளைகள். ஒன்றில் சார்ஜர், ஒன்றில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல், ஒன்றில் பழைய ரேடியோ. ரேடியோவின் முகத்தில் சிவப்பு எண்களில் ஒரு கடிகாரம் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

3:07.

என் கைக்கடிகாரத்தில் பதினொன்று ஏழு.

ஷஃபீக் எட்டிப் பார்த்தான். “இது லண்டன் டைம் அண்ணே. வெள்ளைக்காரன் கப்பல் ஏறிப் போனத இதுக்கு யாரும் சொல்லல போல.”

“வாயை மூடு. இதை யாராவது தொட்டீங்களா?”

யாரும் தொடவில்லை. அந்த ரேடியோவில் உள்பேட்டரி கிடையாது. பிளக்கைப் பிடுங்கினால் கடிகாரம் செத்துவிடும். திரும்ப மாட்டினால் பன்னிரண்டிலிருந்து எண்ண ஆரம்பிக்கும், யாராவது திருத்தும்வரை. இங்கே திருத்த ஆளில்லை. பதினொன்று ஏழுக்கு மூன்று ஏழு என்றால், அது உயிர் பெற்றது ஏதோ ஒரு நாள் எட்டு மணிக்கு.

“எட்டு மணிக்கு இங்க யார் வருவாங்க?”

“ரமணி அக்கா,” என்றாள் ரூபினி. “கதவத் தொறக்குறது அவங்கதான்.”

“இப்ப எங்க?”

“இன்னிக்கு அஞ்சு மணிக் கூட்டம் முடியுற வரைக்கும் வர வேணாம்னு கமிட்டியில சொல்லிட்டாங்க. சாவி அவங்ககிட்ட இருந்துச்சுல்ல. அவங்க மேலயும் பேச்சு.”

ரமணியின் வீடு ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை. ஷஃபீக் ஒவ்வொரு மாடியிலும் நின்று, “இங்க ஒரு மெஷின் வாங்கி வைக்கலாம், மானியம் கேளுங்க,” என்றான். ஆறாவது மாடிக்குப் பிறகு அவனுக்குப் பேச மூச்சில்லை.

ரமணி கதவைப் பாதி திறந்து எங்களைப் பார்த்தார். பிறகு முழுவதும் திறந்தார்.

“வாங்க பெரிய அண்ணே. வேலையிலேர்ந்து நிப்பாட்டத்தான் வந்தீங்களா? அதுக்கு இத்தன மாடி ஏறணுமா? போன்ல சொன்னா போதாதா?”

“ஒரு கேள்விதான்மா. புதன்கிழமை காலையில நிலையத்தைத் திறந்ததும் என்ன செஞ்ச?”

“லைட்டப் போட்டேன். பிளக்கெல்லாம் புடுங்கிக் கெடந்துச்சு, மாட்டுனேன். தண்ணி கொதிக்க வெச்சேன்.”

அவர் அதை அடுப்பில் பால் வைத்தேன் என்பதுபோலச் சொன்னார். நானும் ஷஃபீக்கும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“எந்தப் பிளக்?”

“எல்லாந்தான். ரேடியோ, கேத்தல், அந்த மெஷின் சார்ஜரு.”

“ஏன்க்கா,” என்றான் ஷஃபீக், “மூணு நாளா ஊரே இதத்தான் தேடுது. யார்கிட்டயும் சொல்லலயா?”

“யாரு கேட்டா? எல்லாரும் மெஷினப் பத்திக் கேட்டாங்க. பிளக்கப் பத்தி ஒருத்தரும் கேக்கலலா.” பிறகு அவர் முகம் மாறியது. “ஏன்? நான் மாட்டுனது தப்பா?”

“நீ மாட்டினதாலதான் அது மூணு நிமிஷமாவது ஓடுச்சு.”

கால் மணி நேரச் சார்ஜ். எட்டு மணிக்கு மாட்டியது, எட்டே காலுக்கு எடுத்தது. முதல் பேட்டரிக்கு மூன்று நிமிடம், இரண்டாவதற்கு அதுகூட இல்லை. மெஷினில் குறை இல்லை. ஹாட் யாய் பேச்சு அந்த ஒன்பதாவது மாடியில் செத்துப்போனது. என் மார்பு ஓர் அங்குலம் உயர்ந்திருக்கும்.

“அப்போ புடுங்குனது யாரு?” என்றான் ஷஃபீக்.

“நான் இல்லப்பா! மூணு மணிக்கே பஸ் ஏறிட்டேன். இடி இடிச்சப்ப பஸ்ஸுல இருந்தேன். இடிக்குத்தான் யாரோ புடுங்கியிருக்காங்க. நானும் வீட்டுல புடுங்குவேன், பினாங்குல யாரு புடுங்க மாட்டாங்க? ஆனா இப்படி ஒரு புடுங்கல நான் பாத்ததில்ல.”

“எப்படி?”

“பிளக்க கீழ தொங்க விடல. ஒரு மர நாற்காலிய இழுத்துப் போட்டு, அதுமேல மூணையும் வரிசையாப் படுக்க வெச்சு, காஞ்ச துண்டு ஒண்ண எடுத்துப் போத்தியிருந்துச்சு. பிள்ளையத் தூங்கப் போட்ட மாதிரி. எனக்குச் சிரிப்பா வந்துச்சு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கீழே இறங்கும்போது ஏழாவது மாடியில் ஒரு படியைத் தவறவிட்டேன். ஷஃபீக் என் கையைப் பிடித்தான். வண்டியில் ஏறி வெகுதூரம் வந்தபிறகும் நான் பேசவில்லை.

“அண்ணே. பேசுங்க. நீங்க திட்டாம இருந்தா கெரேத்தா ஓட்ட பயமா இருக்கு.”

“எங்கள் வீட்டில் ஒரு வழக்கம்,” என்றேன். குடும்பத்து விஷயத்தை வெளியாரிடம் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. “நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இடி விழுந்து எங்கள் ரேடியோ எரிந்தது. பிளக்கைப் பிடுங்கித்தான் வைத்திருந்தோம். ஆனால் ஈரத் தரையில் கிடந்தது. அதிலிருந்து அப்பா ஒரு சட்டம் போட்டார். பிடுங்கினால் போதாது. மரத்தின் மேல் வைக்கணும், காய்ந்த துணியால் மூடணும். இடி இடித்தால் எங்கள் வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசமாட்டோம். அவரவர் கை அந்த வேலையைச் செய்யும்.”

“வேற யாரும் இப்படிச் செய்வாங்களா?”

“பினாங்கில் நான் பார்த்ததில்லை. ரூபினிக்கு இந்தப் பழக்கம் கிடையாது. கேலி செய்வாள்.”

“அந்த வீட்டுல வளந்தவங்க இப்ப எத்தன பேரு இருக்கீங்க?”

“இரண்டு பேர்.”

ஷஃபீக் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். ஏதாவது நையாண்டி வரும் என்று காத்திருந்தேன். சமிக்ஞை விளக்கு பச்சையாகிப் பின்னால் ஹாரன் அடித்தபிறகுதான் வண்டியை எடுத்தான்.

மூன்றரை மணிக்குத் தம்பியை நிலையத்து மாடியறையில் பிடித்தேன். ஷஃபீக் கதவருகே நின்றுகொண்டான். தம்பி சீருடை போட்டுத் தயாராக இருந்தான். ஐந்து மணிக் கூட்டத்துக்குப் படைத் தலைவனாகவே உட்கார வேண்டும் என்ற நினைப்பு அவனுக்கு. அது எங்கள் இரத்தம்.

ரமணி சொன்னதைச் சொன்னேன். நாற்காலியைச் சொன்னேன். துண்டைச் சொன்னேன்.

“நீதானே?”

தம்பி என்னைப் பார்த்தான். அறுபத்தோரு வயது மனிதன். சின்ன வயதில் என் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு நின்றபோது இருந்த அதே முகம்.

“ஆமாண்ணே. நாந்தான்.”

அதற்குப்பின் நான் பேசியதை முழுவதும் இங்கே எழுத மாட்டேன். மூன்று நாளாக உன் மகளைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாயா என்று கேட்டேன். அந்த ஏழைப் பெண் ரமணி வேலை போய்விடுமோ என்று பயந்து கிடக்கும்போது நீ சீருடைக்கு இஸ்திரி போட்டாயா என்று கேட்டேன். அப்பா பெயரை எடுத்தேன். அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

“எழுதுங்கண்ணே. கையெழுத்துப் போடுறேன்.”

எழுதினேன். போட்டான்.

கதவருகே ஷஃபீக் இருமினான்.

“சிவாண்ணே, பொம்மையத் திருப்பிக் கொடுத்தீங்களே, மாக் மண்டின்ல, அந்த எடத்துல ரசீது கொடுத்தாங்களா?”

“அது எதுக்கு இப்ப?”

“கீழ மேசையில இருந்துச்சு, பாத்தேன். உங்க கையெழுத்து. மூணே முக்கால்னு அவங்களே நேரம் எழுதியிருக்காங்க. மூன்றரையிலேர்ந்து நாலரை வரைக்கும் இங்க இடி. நீங்க அங்க. கை என்ன கடலைத் தாண்டியா நீளும்?”

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

“பொய் சொன்னியா?”

“ஆமாண்ணே.”

“என் முன்னால நின்னு, அப்பா பெயரைக் கேட்டுக்கிட்டே, பொய் சொன்னியா? யாருக்காக?”

அவன் என் முழங்கையில் மாட்டியிருந்த குடையைப் பார்த்தான்.

“அண்ணே,” என்றான் ஷஃபீக். அவன் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. “காலையில எனக்கு ஒரு லிஸ்ட் வாசிச்சீங்க. நாலு பேருன்னு. செவ்வாய்க்கிழமை சிவாண்ணனோட வீட்டு வரி ஃபாரத்தக் கொடுக்கணும்னு நான்தானே உங்கள இங்க எறக்கி விட்டேன். மழை கொட்டுச்சு. குடையோட உள்ள போனீங்க. நான் டீ குடிக்கப் போயிட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சுக் கூப்பிட்டீங்க, வந்தேன். குடை இல்லாம ஏறுனீங்க. மழை விட்டிருந்துச்சு, அதான் மறந்துட்டீங்க. குடைய மறக்குறவரைக்கும் உள்ள இருந்தீங்கன்னா, இடி முழுக்க உள்ளதான் இருந்திருக்கீங்க.”

“ஃபாரம் என் மேசையில இருந்துச்சுண்ணே,” என்றான் தம்பி. “நேத்துதான் பாத்தேன். இப்ப நீங்க துண்டுன்னு சொன்னதும் தெரிஞ்சுபோச்சு.”

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

அந்த மத்தியானம் வந்து என் முன்னால் நின்றது. ஆளில்லாத கீழறை. தம்பிக்காகக் காத்திருந்தது. முதல் இடி சந்துக்கு மேலேயே விழுந்தது போன்ற சத்தம். அதற்குப்பின் என் கை செய்த எதையும் நான் பார்த்ததாக நினைவில்லை. ஒன்று மட்டும் நினைவுக்கு வந்தது. கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, காய்ந்திருக்கிறதா என்று கன்னத்தில் ஒற்றிப் பார்த்தேன். அந்தத் துணியின் சொரசொரப்பு இப்போதும் கன்னத்தில் இருக்கிறது.

முப்பத்தோரு வருடம் பிறர் கை செய்ததை எழுதினவன் நான். அந்தப் பட்டியல்களில் என்னை ஒருநாளும் சேர்த்ததில்லை, சேர்க்க அவசியம் வந்ததில்லை.

“நம்ம மூணு பேரைத் தவிர யாருக்கும் தெரியாதுண்ணே,” என்றான் தம்பி. “என் பேரு ஏற்கனவே கெட்டுப்போச்சு. உங்க பேரு எதுக்கு? கையெழுத்துப் போட்டாச்சு. அப்படியே கொடுத்துருங்க.”

ஷஃபீக் கதவருகே நின்றபடி என்னையே பார்த்தான். எனக்கு அவன் ஏதாவது சொன்னால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

நான் தாளைக் கிழித்தேன். குறிப்பேட்டைத் திறந்து முதல் பக்கத்தில் நான்கு என்பதை அடித்து ஐந்து என்று எழுதினேன். பெயரையும் எழுதினேன்.

ஐந்து மணிக்குக் கீழறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். நோர்மா கோப்போடு வந்திருந்தார். கமாலுதீனின் தம்பி சீனி முகம்மது கடைசி நாற்காலியில், தொப்பி மடியில், யாரையும் பார்க்காமல் இருந்தார். ரமணியை ஷஃபீக் போய் அழைத்து வந்திருந்தான். நான் நின்றுகொண்டே வாசித்தேன். மெஷின் புதியது. பேட்டரி நல்லது. சார்ஜில் போட்டவள் ரூபினி, சரியாகப் போட்டாள். இடிக்குப் பயந்து பிளக்கைப் பிடுங்கியது நல்லமுத்து, படைக்குச் சம்பந்தமில்லாதவன். போகும்போது திரும்ப மாட்டாமல் போனான். எதைப் பிடுங்குகிறோம் என்று பார்க்கவும் இல்லை. ரமணி மாட்டினார், அது சரி. எடுக்கும்போது விளக்கைப் பார்க்காதது ஒன்றே படையின் குறை.

“பாக்சிக்,” என்றார் நோர்மா மலாயில், “இதை எழுத்தில் தருவீர்களா?”

“எழுதிக்கொண்டுதான் நிற்கிறேன். கையெழுத்தும் போட்டாகிவிட்டது.”

அவர் வாங்கிப் படித்தார். மெஷின் இங்கேயே இருக்கட்டும் என்றார். சார்ஜரைப் பிளக் இல்லாமல் சுவரோடு சேர்த்து இணைத்து, பூட்டுள்ள பெட்டிக்குள் வைக்க வேண்டும். முறை மாறும்போதெல்லாம் விளக்கைப் பார்த்து எழுத வேண்டும். கோப்பை மூடினார். அறையில் யாரோ மூச்சு விட்டார்கள். யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சீனி முகம்மது அப்போதுதான் தலையைத் தூக்கினார்.

“மெஷின் ஓடியிருந்தா என் நானா பொழச்சிருப்பாரா?”

நான் குறிப்பேட்டை மூடினேன்.

“தெரியாது மாமா,” என்றாள் ரூபினி. “டாக்டரும் தெரியாதுன்னுதான் சொன்னாரு. ஆனா நாங்க கைய எடுக்கல.”

“நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும்மா. பக்கத்துலதானே நின்னேன். நீ எண்ணுனது இன்னும் காதுல கேக்குது.” பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். “நல்லமுத்துண்ணே. முப்பது வருஷமா எங்க கடையில மத்தியானம் சாப்புடுறீங்க. நானா கையாலதான் ஊத்துவாரு உங்களுக்கு, வேற யாரும் ஊத்துனா புடிக்காதுன்னு.”

“ஆமாம்.”

“கேஸு கீஸுன்னு நான் போக மாட்டேன். ஆனா கடைப்பக்கம் வராதீங்க. நாப்பதாம் நாள் பாத்திஹா முடியட்டும். அப்புறம் வரலாமா வேணாமான்னு நான் யோசிச்சுச் சொல்றேன்.”

“சரி.”

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். ரமணி எழுந்து, யாரும் சொல்லாமலே, மேசை மேலிருந்த கோப்பைகளை எடுக்க ஆரம்பித்தார். தம்பி என் அருகே வந்து நின்றான். ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான்.

ஹாட் யாய் பேச்சு அந்த வாரமே அடங்கிவிட்டது. அந்த இடத்தில் இப்போது வேறொரு பேச்சு நடமாடுகிறது. பிளக்கைப் பிடுங்கியது சிவநேசன்தான், தம்பியைக் காப்பாற்ற அண்ணன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார், அந்தக் காலத்து மனிதர் அல்லவா என்று பாசாரில் சொல்கிறார்கள். இரண்டு பேர் என்னை நிறுத்திக் கையைக் குலுக்கினார்கள்.

அது பொய். சிவநேசன் அந்த நேரத்தில் மாக் மண்டினில் இருந்தான். பிளக்கைப் பிடுங்கியது நான்.